சத்தம் வராத வண்டி

கதவை அமுக்கு என்கிறார், அமுக்குகிறேன். கதவில் இல்லை. மேலே இருக்கிற கைப்பிடியை அமுக்கு என்கிறார், அதிலும் இல்லை. எதிரே இருக்கிற பெட்டிக்கு முழங்காலால் முட்டுக் கொடு என்கிறார், கொடுக்கிறேன், சத்தம் அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மூடிய டப்பாவுக்குள் நாலு பச்சைப்பயறு உருளுகிற மாதிரி, கிர்ர் என்று, கொஞ்சம் நின்று, மறுபடி கிர்ர் என்று. முதலில் எனக்கு அது கேட்கவே இல்லை. வண்டி வந்த நாளிலிருந்து ‘கேக்குதா, கேக்குதா’ என்று அவர் கேட்டுக் கேட்டு, இப்போது எனக்கும் அதைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. படுத்தால் மின்விசிறியில் கேட்கிறது, மிக்சியை நிறுத்தினால் மிச்சமாகக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி ரோட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் போனால் கோயிலுக்குப் போகலாம், சொந்தக்காரர்கள், ஒறம்பரை வீட்டுக்குப் போகலாம். நாங்கள் சத்தம் தேடிப் போகிறோம். ஊருக்குள் ஓட்டினால் அது வராது. ஈச்சனாரி தாண்டி ரோடு விரிந்து வேகம் எடுத்தால்தான் வரும். ‘அந்த வண்டியில ஒரு நாளாச்சும் இப்பிடி ஒரு சத்தம் கேட்டிருப்பியா வளரு?’ என்கிறார். கேட்டதில்லை. அந்த வண்டியில் ஒரு சத்தமும் கேட்டதில்லை. அதுதான் என் கஷ்டமே.

அந்த வண்டி என்றால் பழைய வண்டி. எங்கள் வீட்டில் ‘அது’ என்றாலே அதுதான். இந்தப் புது வண்டியைச் செய்த இதே ஜெர்மன்காரன் முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்தது. கருநீலம். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் கோகிலவாணி. கோகிலவாணி இவருடைய முதல் மனைவி, போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. நான் வளர்மதி, இரண்டாவது, வந்து ஏழு வருஷம் ஆகிறது. திருச்சூரில் ஒரு டாக்டர் இருக்கிறார், பழைய வண்டிகளாகத் தேடி வாங்கிச் சேர்க்கிறவர். அது வேண்டும் என்று மாதக்கணக்கில் இவரைக் குடைந்துகொண்டிருக்கிறார். இன்று சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு பார்த்துக்கொள்கிறேன் என்று நேற்று கறாராகச் சொல்லிவிட்டார். இன்று காலை தோசையைப் பிய்த்துக்கொண்டே இவர் தீர்ப்புச் சொன்னார். ‘இந்தப் புதுசுல சத்தம் எங்கிருந்து வருதுன்னு இன்னைக்குக் கண்டுபுடிச்சுட்டா அதைக் குடுத்தர்றேன். இல்லீன்னா இதை நிவேதாவுக்குக் குடுத்துட்டு நான் அதுலயே ஓட்டிக்கிறேன்.’ நிவேதா கோகிலவாணியின் மகள், பெங்களூரில் இருக்கிறாள், என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள், மரியாதைக்குக் குறைச்சல் வைக்க மாட்டாள், ஆனால் அதைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘அம்மா வண்டி’ என்பாள். அம்மா வண்டி. அது எங்கள் வாசலில், படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே, துணி போர்த்தி நிற்கிறது. ஏழு வருஷமாக நான் காலையில் ஜன்னலைத் திறந்தால் முதலில் அதன் முகத்தில்தான் விழிக்கிறேன். இன்றைக்கு அது போக வேண்டும். அமுக்கச் சொன்ன இடத்தை எல்லாம் நான் ஏன் அமுக்குகிறேன் என்று நினைத்தீர்கள்?

‘அங்க இல்ல, சித்தெ முன்னால, கண்ணாடிக்கிட்ட’ என்கிறார். வளைந்து கையை நீட்டுகிறேன், பெல்ட் கழுத்தை அறுக்கிறது. இவர் காது வேறு காது. கணபதியில் பம்ப்செட் பவுண்டரி வைத்திருக்கிறார், இரும்பு வார்ப்பு அச்சிலிருந்து வெளியே வந்து ஆறினதும் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார். நல்ல வார்ப்பு பாடும். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் இருந்தால் டொக் என்று செத்துப்போன சத்தம் வரும், அதை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடுவார், மறுபடி உருக்க. சுத்தியல் இல்லாத இடத்தில் விரல் மூட்டால் தட்டுவார். சந்தையில் தேங்காயைத் தட்டுவார், சரி, எல்லாரும் தட்டுகிறார்கள். இவர் ஹோட்டல் மேஜையைத் தட்டுவார், கல்யாண மண்டபத்தில் தூணைத் தட்டுவார், கோயிலில் யாரும் பார்க்காதபோது உண்டியலைத் தட்டுவார். என்னைப் பெண் பார்க்க உடுமலைக்கு வந்தபோது எங்கள் அப்பா உட்காரச் சொன்ன பெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. செவ்வாய் தோஷத்தில் வயது ஓடிப்போய், பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே நரைத்துவிடுவேன் என்று நானே முடிவு கட்டியிருந்த நேரம். சிரித்த பெண்ணைப் பிடித்துப்போயிற்று என்று அப்புறம் சொன்னார். ஆனால் சிரித்த அன்றைக்கு எனக்குத் தெரியாது, இந்த மனுஷன் எதைத் தட்டினாலும் அந்தச் சத்தத்தை மனசுக்குள் இன்னொரு சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர் என்று. காலையில் வருகிற முதல் பாலில் டீ போட்டுக் கொடுத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு ஒரு கணம் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதில் நான் என்னென்ன கேட்டிருக்கிறேன்.

பேச ஆரம்பித்துவிட்டார். இந்த ரோட்டில் வண்டி ஏறியதும் இது ஆரம்பித்துவிடும். ‘அதுல கதவச் சாத்துனா எப்பிடி இருக்கும், தும்முன்னு, பேங்க் பெட்டகம் மூடற மாதர. இது என்ன, டப்புன்னுது, பிரிட்ஜ் கதவாட்ட.’ ஆமாங்க. ‘அதுல இருந்தது மரம். நெஜமான மரம். இது பூரா கறுப்பு பிளாஸ்டிக், பளபளன்னு, தொட்டா ரேகை உழுகுது.’ ஆமாங்க. ‘தோலும் அப்பிடித்தான், அது எருமைத் தோலாட்டம் இருக்கும், இது மூணு மாசத்துல சுருக்கம் உழுந்துருச்சு.’ ஆமாங்க, பார்த்தேன், நான் உட்காருகிற சீட்டில்தான் விழுந்திருக்கிறது. ‘டிக்கியத் தொறந்தா ஸ்டெப்னி இல்ல. ஸ்டெப்னி இல்லாத ஒரு வண்டிய இத்தனை காசுக்கு விக்கறான், ஒரு சின்ன பம்பும் பசையும் குடுத்து ஒட்டிக்கோங்கறான்.’ ஆமாங்க. ‘அதெல்லாங்கூடப் போனாப் போச்சாதுன்னு வெய்யி. இஞ்சின் சத்தத்த ஸ்பீக்கர்ல போடறானாம். நெசமாலுமே இஞ்சினுக்குச் சத்தம் பத்தலையாமா, அதனால பாட்டுப் பொட்டில போடறானாமா. பவுண்டரிக்காரன் எங்கிட்டயே.’ இந்த இடத்தில் அவர் குரல் நிஜமாகவே உடைகிறது, பாவம். யாரோ அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி. இப்ப எவனும் அப்பிடிச் செய்யறதில்ல வளரு, அந்தக் காலத்தோட முடிஞ்சுது, இப்ப வர்றதெல்லாம் பாக்கத்தான் பெருசு, உள்ள ஒண்ணுமில்ல. அவர் வண்டியைப் பற்றித்தான் சொல்கிறார். எனக்குத் தெரியும். நான் கணக்கு டீச்சர், அவ்வளவு மண்டு இல்லை. ஆனாலும் ‘இப்ப வர்றதெல்லாம்’ என்று அவர் சொல்கிறபோது, இப்போது வந்தவள் நான் ஒருத்திதானே இந்த வீட்டில். அவர் பிளாஸ்டிக் என்றால் எனக்கு முகம் சுடுகிறது. நான் சொல்லி, நான் வற்புறுத்தி, அறுபதாம் கல்யாணம் வேண்டாம் என்று அவர் ஒதுக்கியபோது அதற்குப் பதிலாக ஒரு புது வண்டியாவது வாங்குங்கள் என்று நான் கெஞ்சி வாங்கின வண்டி இது. அறுபதாம் கல்யாணத்தை ஏன் வேண்டாம் என்றார்? வயசான காலத்தில் மாலையும் கழுத்துமாக உட்கார வெட்கம் என்றார். நம்பினேன். பாதி நம்பினேன். யாரோடு முதல் தாலி கட்டினாரோ அவளோடு உட்கார வேண்டிய மணையில் என்னை எப்படி உட்கார வைப்பது என்று நினைத்திருப்பார் என்று மிச்சப் பாதி.

பொறாமைதான். சொல்வதற்கு என்ன. செத்துப்போனவள் மேல் பொறாமைப்படக்கூடாது என்று எந்தப் புத்தகத்திலாவது எழுதியிருந்தால் நான் அதைப் படிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவள் என்றால் ஒரு நாள் குழம்பில் உப்புப் போட மறப்பாள், ஒரு நாள் எரிந்து விழுவாள், குண்டாவாள், குறட்டை விடுவாள், எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். இவள் ஒன்றுமே செய்ய மாட்டேன் என்கிறாள். போட்டோவில் அதே புடவை, அதே சிரிப்பு, கறுப்புத் தலை. வாசலில் அந்த வண்டி மாதிரியேதான், ஒரு கீறல் கிடையாது. ஒரு தடவை, வந்த புதிதில், இவர் பவுண்டரிக்குப் போயிருந்த மத்தியானம், போர்த்தின துணியை விலக்கி அதன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கதவில் ஒன்று, இரண்டு என்று பொத்தான்கள். ஒன்றை அமுக்கினால் ஒருத்தருக்கு வசதியான மாதிரி சீட்டு நகர்ந்து உட்காரும், இரண்டை அமுக்கினால் இன்னொருத்தருக்கு. ஒன்று இவருடையதாக இருக்கும் என்று இரண்டை அமுக்கினேன். உஸ் என்றுகூட ஒரு சத்தம் இல்லாமல் சீட்டு முன்னால் போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது, என் முழங்கால் எதிரே இடித்த பிறகுதான் நின்றது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. இவ்வளவு குள்ளமா நீ என்று கேட்டேன், வாய்விட்டே கேட்டேன். அவளுடைய உயரத்துக்கு, அவளுடைய சாய்வுக்கு, ஒரு மிஷின் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்துக்கொண்டு இருக்கிறது. நான் குடிக்கிற காபிக்கு எத்தனை சர்க்கரை என்று இவருக்கு இன்னும் ஞாபகம் இல்லை. வியர்த்துப்போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தோல் வாசனை, பழைய ஜவ்வாது மாதிரி ஏதோ ஒன்று. அது அவள் வாசனையா வண்டி வாசனையா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டையும் சேர்த்தே வெறுத்துவிட்டேன், ஒரே செலவாக.

‘வளரு, தூங்கறயா? மறுக்காவும் வருது பாரு.’ தூங்கவில்லை. ஒத்தக்கால்மண்டபம் தாண்டியாயிற்று, இரண்டு பக்கமும் தென்னை ஆரம்பித்துவிட்டது, வெயில் எதிரே இருக்கிற வண்டித் திரையில் விழுந்து அதில் ஒன்றுமே தெரியவில்லை, அதற்கும் ஒரு வசவு விழும் பாருங்கள். ‘வெயில் பட்டா தெரியாத டிவி ஒண்ணு.’ விழுந்துவிட்டது. கம்பெனி சர்வீஸில் மூன்று தடவை பிரித்துப் போட்டார்கள். மூன்றாவது தடவை கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் ‘சார், இந்த லெவல் சவுண்ட் எல்லாம் நார்மல் சார்’ என்றான். நார்மல் என்ற சொல்லைக் கேட்டு இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நான் அந்தப் பையனைக் கையைப் பிடித்து இழுத்துக் கெஞ்சியிருப்பேன். தம்பி, எப்படியாவது கண்டுபிடித்துக் கொடு, உனக்குத் தெரியாது, இந்தச் சத்தம் நின்றால்தான் என் வீட்டு ஜன்னல் திறக்கும். வேறு எந்தப் பெண்ணாவது ஒரு காருக்காக இப்படி வேண்டிக்கொண்டிருப்பாளா? இந்த வண்டி நன்றாக இருக்க வேண்டும் சாமி. இதன் தோல் சுருங்கக்கூடாது, இதன் கதவு தும் என்று மூட வேண்டும். இதற்குக் கெட்ட பேர் வந்தால் எனக்கு வந்த மாதிரி. பிள்ளை மார்க்கு வாங்க வேண்டுமே என்று டீச்சர் வேண்டுகிற கதையாக. இதோ கிணத்துக்கடவு மேம்பாலம், இடது பக்கம் மலைமேல் முருகன். கும்பிடக்கூட கை ஒழியவில்லை, ஒரு கை கதவுத் தூணை அமுக்கிக்கொண்டிருக்கிறது, ஒரு கை எதிரே பலகையில். இடது கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபடி வைக்கிறபோது கொஞ்சம் தள்ளி, கண்ணாடியும் பலகையும் சேருகிற மூலையில், ஒரு சின்ன ஸ்பீக்கர் மூடி மேல் என் உள்ளங்கை பட்டது.

நின்றுவிட்டது.

எனக்குத்தான் பிரமையோ என்று கையைத் தூக்கினேன், கிர்ர். வைத்தேன், ஒன்றுமில்லை. தூக்கினேன், கிர்ர். இவர் திரும்பிப் பார்த்தார், வாயைத் திறந்தபடி, முன்னால் போகிற லாரியைக்கூடப் பார்க்காமல். ‘இங்கதானுங்க’ என்றேன். ‘எடுக்காத!’ என்று கத்தினார். ‘அப்பிடியே வெச்சுக்க. அப்பிடியே. ஆடாத.’ மேம்பாலம் இறங்கி வண்டி ஓடியது. நான் இதுவரைக்கும் கேட்காத ஒரு அமைதி. காற்றுச் சத்தம்கூடத் தூரத்தில் யாருக்கோ நடக்கிற மாதிரி. தென்னைமரங்கள் எல்லாம் சும்மா வந்து சும்மா போயின. இவர் ஸ்டியரிங்கை விரல் மூட்டால் ஒரு தட்டு தட்டினார், தோளைத் தளர்த்திச் சாய்ந்துகொண்டார், ‘இப்பத்தான் வளரு வண்டியாட்ட இருக்குது’ என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அசட்டுத்தனம்தான். சாயங்காலம் திருச்சூருக்குப் போன் போட்டுவிடுவார். நாளைக்கோ மறுநாளோ யாராவது வந்து துணியை உருவி அதை ஓட்டிக்கொண்டு போவார்கள், வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும், அதை நானே சோப்புப் போட்டுத் தேய்ப்பேன், இரண்டு செம்பருத்தி வைப்பேன். கம்பெனிக்காரனிடம் இடத்தைக் காட்டினால் ஒரு துண்டு ஸ்பான்ஜ் வைத்து மூடிவிடுவான், முடிந்தது. ‘பொள்ளாச்சி வரைக்கும் வெச்சுட்டே வா, நல்லாக் கேட்டுக்கறேன்’ என்றார். வைத்துக்கொண்டே வந்தேன். சந்தோஷமாக வைத்துக்கொண்டு வந்தேன். அப்போதுதான் அவர் சிரித்துக்கொண்டே, தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னார். ‘கோகிலாவும் இப்பிடித்தான் கைய வெச்சுட்டே வருவா.’

எங்கே என்றேன். அதுலதான் என்றார். அது வந்த புதிதில், இதே மாதிரி, கண்ணாடிக்குக் கீழே நடுவில் எங்கோ, கிணிகிணி என்று ஒரு சத்தம் வந்ததாம். மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். ‘அவதான் கண்டுபுடிச்சா, இந்தா உன்னாட்டவே. கைய வெச்சா நின்னுரும். அப்பறம் வண்டில ஏறி ஒக்காந்தான்னா கை தானா அங்க போயிரும். பழனி போனாலும் வெச்சுக்குவா, ஊட்டி ஏறுனாலும் வெச்சுக்குவா. நிவேதாவ மடியில போட்டுட்டு ஒரு கை அங்க. ரெண்டு மூணு வருசம் இருக்கும். அப்பறம் எப்பவோ நின்னுருச்சு.’ இதைச் சொல்லிவிட்டு அவர் ஒரு லாரியை முந்தினார். அவ்வளவு சாதாரணமாக. இந்த ஏழு வருஷத்தில் இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை, மறைத்தார் என்று சொல்ல மாட்டேன், மறைக்கத் தெரியாத மனுஷன், அவருக்கே இன்றைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது. ‘அந்த வண்டியில ஒரு நாளாச்சும் இப்பிடி ஒரு சத்தம் கேட்டிருப்பியா’ என்றாரே. அவள் கை வைத்த பிறகு அவர் காதில் விழுந்ததில்லைதான். ஜெர்மன்காரன் செய்தான் என்று இத்தனை நாள் தலையில் தூக்கி வைத்து ஆடினாரே, அந்த அமைதி. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், சுத்தமான, கெட்ட சந்தோஷம். உன் வண்டியும் ஆடினதுதானா! தும் என்று மூடின கதவும், எருமைத் தோலும், நிஜமான மரமும், எல்லாம் சேர்ந்து கிணிகிணி என்று ஆடினதுதானா! போர்த்தின துணியை இழுத்துப்போட்டு அதன் முகத்துக்கு நேராக நின்று சிரிக்க வேண்டும் போல் இருந்தது. அது கொஞ்ச நேரம்தான். அதற்குள் மனசு அங்கேயே திரும்பிப் போய்விட்டது, நாக்கு ஆடுகிற பல்லுக்குப் போகிற மாதிரி. ஆடினதை ஆடாமல் வைத்திருந்தது யார்? வண்டி மேல் நான் பட்ட பொறாமை வீண். வண்டி ஒன்றுமே இல்லை. அவள்தான்.

அவள் கை எப்படி இருந்திருக்கும். குள்ளமாக இருந்தால் விரலும் குட்டையாக இருந்திருக்கும். வளையல் முழங்கைப் பக்கம் இறங்கி விழுந்து கிடந்திருக்கும், குழந்தை அதைப் பிடித்து விளையாடியிருக்கும். ஊட்டி மலையில் கொண்டை ஊசி வளைவில் எல்லாம் கையை எடுக்காமல் எப்படி உட்கார்ந்திருந்தாள்? ஒரு பக்கமாகச் சரிந்திருப்பாளே. வாந்தி வந்தால் என்ன செய்தாள்? குழந்தை அழுதால்? எனக்கு இப்போதே தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது, மணிக்கட்டிலிருந்து எறும்பு ஊறுகிற மாதிரி ஏதோ மேலே ஏறுகிறது, கோவில்பாளையம்கூட வரவில்லை. ரெண்டு மூணு வருஷம் என்கிறார். ஏதாவது பேசியிருப்பாள் அல்லவா, பேசாமலா வந்திருப்பாள், கையை அங்கே வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம், வாடகை, மாமியார், எல்லாம் பேசியிருப்பாள், இவர் சாய்ந்துகொண்டு ஓட்டியிருப்பார், இதோ இதே மாதிரி தோளைத் தளர்த்திக்கொண்டு. இந்தச் சாய்வு எனக்குக் கிடைத்தது என்று இப்போதுதானே கண்கலங்கினேன். இதுவும் அவளுக்குக் கிடைத்ததுதான். நான் கண்டுபிடித்தேன் என்று நினைத்தது அவள் கண்டுபிடித்தது. ‘உன்னாட்டவே’ என்றார், எவ்வளவு ஆசையாகச் சொன்னார், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவளையும் என்னையும் தட்டிப் பார்த்ததில் ஒரே சத்தம் கேட்டிருக்கிறது அவருக்கு. பாடுகிற வார்ப்பு. எனக்கு அது இனித்திருக்க வேண்டும். இந்தக் கையை நான் எடுக்காமல் இருந்தால் போதும், நானும் அவளாகிவிடலாம், இனிமேல் டீ குடித்துவிட்டு அந்த ஒரு கணம் நிற்காமல் இருப்பார். பொள்ளாச்சி வரைக்கும்தான். அப்புறம் திரும்பி வருகிற வரைக்கும். அப்புறம் கம்பெனிக்காரன் அடுத்த சத்தத்தை நார்மல் என்கிற வரைக்கும். விரல் நுனி மரத்துவிட்டது. என் கை என்னுடையதாகவே இல்லை, யாருடையதோ பலகை மேல் கிடக்கிறது.

எடுத்துவிட்டேன். யோசித்து எடுக்கவில்லை. எடுத்து மடியில் வைத்து மற்றக் கையால் அமுக்கிவிட்டுக்கொண்டேன். கிர்ர் என்றது. ‘ஏன் எடுத்துப்போட்டே?’ என்றார். ‘வலிக்குதுங்க.’ ‘இன்னும் சித்தெ தூரந்தானே.’ ‘இடந்தான் தெரிஞ்சுபோச்சுங்களே, நாளைக்குக் காட்டிச் சரி பண்ணிக்கலாங்க. என்னால வெச்சுட்டு வர முடியாதுங்க.’ அவர் கோபப்படவில்லை. ஆச்சரியமாகத்தான் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார், குறையாக அல்ல, நிஜமாகவே வியந்து சொன்னார். ‘அவ ஒரு நாளும் வலிக்குதுன்னு சொன்னதில்ல.’ என் வாயில் வந்ததை நான் நிறுத்தியிருக்கலாம். ‘நீங்க கேட்டீங்களா?’ என்றேன். கத்தவில்லை. வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் கேட்கிற குரல்தான்.

சத்தம் மட்டும் வருகிறது. ஓரக்கண்ணால் பார்த்தேன். வேகம் குறைந்தது, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயிற்று, அதைத் திட்டவில்லை. ஓரம் கட்டி நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன், நிறுத்தவும் இல்லை. அவர் இடது கை ஸ்டியரிங்கிலிருந்து இறங்கித் தொடை மேல் மல்லாந்து கிடந்தது. அதை அவரே பார்த்துக்கொண்டார். கோவில்பாளையம் வந்து போயிற்று. ‘அதை வித்தர்லாம்’ என்றார். ‘டாக்டருக்குப் போன் போட்டு வந்து எடுத்துக்கச் சொல்லீரு. இன்னைக்கே சொல்லீரு. அதுல ஏறி ஒக்கார என்னால ஆகாது இனிமேல்ட்டு.’ இதைக் கேட்கத்தான் ஏழு வருஷம் காத்திருந்தேன். ஜன்னல், செம்பருத்தி, எண்ணெய்க் கறை எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. போனை எடுத்து டாக்டரின் பெயரைத் தேடுகிறேன், விரல் மரத்திருப்பதால் வேறு யார் யாரோ வருகிறார்கள். நான் கேட்டுக் கேட்டும் விற்காதவர், நான் அழுதபோது விற்காதவர், அவளுக்கு வலித்திருக்கும் என்றதும் விற்கிறார். அந்த வலியை நானே எடுத்துக் கொடுத்தேன். இத்தனை வருஷம் அவளிடம் சிரிப்பு மட்டும்தான் இருந்தது, இன்றைக்கு ஒரு வலியும் சேர்ந்துவிட்டது, இனி இவர் டீயைக் குடித்துவிட்டு நிற்கிற கணம் இன்னும் கொஞ்சம் நீளும். கண்ணோரம் ஈரமாக இருக்கிறது அவருக்கு. என்னங்க என்றேன். ம் என்றார், எங்கிருந்தோ. புது வண்டி பயறு உருட்டிக்கொண்டு போகிறது, கிர்ர், கிர்ர் என்று, முன்னைவிடப் பலமாகவே. அவருக்கு அது கேட்கவே இல்லை.